பழைய சேர்வரில் டிஸ்க் மாற்றியும் ரெய்ட் சரிவரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்ட அலுவலகம், தேயிலை ஸ்டோர், பாடசாலை, கூட்டுறவுச் சங்கம் என்று மலையகத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் கடந்த சேர்வர்கள் இன்னும் வேலை பார்க்கின்றன. டெல் பவர்எட்ஜ் ஆர் 710, ஆர் 720, எச்பி புரோலயன்ட் ஜி 7, ஜென் 8 காலத்துப் பெட்டிகளை மனதில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. ரெய்ட் என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் ஓடவிட்டு, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறை. அந்தக் கூட்டுக்குப் பெயர் அரே, அதை நடத்தும் கார்டு கொன்ட்ரோலர், போன டிஸ்க்கின் தரவைப் புதியதில் திரும்ப எழுதுவது ரீபில்ட். செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவு), கொழுந்து நிறை, சேமலாப நிதிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு எதையும் அழுத்த முன் கீழே உள்ளதை ஒரு தரம் வாசியுங்கள்.

புது டிஸ்க் போட்டாச்சு. ரீபில்ட் தொடங்கவில்லை. முதலில் என்ன செய்வது?

டிஸ்க்கைத் தொடாதீர்கள், தரவைக் கொப்பி எடுங்கள். ரெய்ட் 5 இல் ஒரு டிஸ்க் போனாலும் தரவு முழுதாக இருக்கும். சேர்வர் மெதுவாக ஓடும், இன்னொன்று போனால் தாங்காது, அவ்வளவுதான். டிஸ்க் செத்ததால் தரவு போன இடங்களை விட, அதற்குப் பிறகு பதற்றத்தில் அழுத்திய இரண்டாவது, மூன்றாவது பட்டனால் போன இடங்களே அதிகம். ஆகவே ஒரு வெளி டிஸ்க்கைச் செருகி, முக்கியமானதை முதலில் எடுங்கள்: செக்ரோல் தரவுத்தளம், சம்பளக் கணக்கு, அதன் பிறகு ஸ்கேன் செய்த கடிதங்கள். பழைய சேர்வர்களில் யூஎஸ்பி 2.0 துளைதான் இருக்கும். அதில் வினாடிக்கு 30 முதல் 35 எம்பி வரைதான் போகும், அதனால் 500 ஜிபி எடுக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்க நினைக்காமல் தேவையான ஃபோல்டரை மட்டும் முதலில் எடுங்கள்.

கொப்பி கையில் வந்த பிறகு கொன்ட்ரோலரின் திரையைத் திறந்து புதிய டிஸ்க் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். டெல்லின் கொன்ட்ரோலரான பெர்க் என்றால் இயங்கும்போதே ஓபன்மேனேஜ் என்ற டெல் மென்பொருள் வழியாகப் பார்க்கலாம், அல்லது பூட் ஆகும்போது கன்ட்ரோல், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். 'ரெடி' என்று இருந்தால் டிஸ்க் நல்லது, ஆனால் எந்த அரேயிலும் சேரவில்லை. அதை ஹொட் ஸ்பேர் (தயாராக நிற்கும் மாற்று டிஸ்க்) என்று குறித்தால் ரீபில்ட் தானாகத் தொடங்கும். 'ஃபொரின்' (வேறு அரேயின் குறிப்பு உள்ள டிஸ்க்), 'பிளொக்ட்', 'ஃபெயில்ட்' என்று இருந்தாலோ ஒன்றுமே தெரியாவிட்டாலோ கீழே பாருங்கள்.

எந்த டிஸ்க் செத்தது என்று உறுதியாக எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று சாட்சிகள் ஒன்றுபட வேண்டும்: விளக்கு, கொன்ட்ரோலர் சொல்லும் ஸ்லொட் எண், டிஸ்க்கின் சீரியல் எண்.

டெல் பெட்டியில் செம்மஞ்சள் விளக்கு வினாடிக்கு நாலு தரம் சிமிட்டினால் அந்த டிஸ்க் செத்துவிட்டது. பச்சை, செம்மஞ்சள், அணைவு என்று மாறி மாறி வந்தால் சாகப்போகிறது என்ற முன்னறிவிப்பு. பச்சை மெதுவாகச் சிமிட்டினால் ரீபில்ட் நடக்கிறது. பச்சை 3 வினாடி, செம்மஞ்சள் 3 வினாடி, பிறகு 6 வினாடி அணைந்திருந்தால் ரீபில்ட் இடையில் நின்றுபோனது. எச்பி ஜென் 8 இன் கேடியில் (டிஸ்க்கைப் பொருத்திச் செருகும் சட்டம்) 'கழற்றாதே' என்பதற்குத் தனி வெள்ளை விளக்கு உண்டு. அது எரியும் டிஸ்க்கை இழுத்தால் அரே விழும்.

எண்ணில்தான் பலர் ஏமாறுவது. டெல் 0 இலிருந்து எண்ணும், எச்பி 1 இலிருந்து. மூன்றாவது டிஸ்க் என்று ஃபோனில் யாராவது சொன்னால் அது ஸ்லொட் 2 ஆ 3 ஆ என்று கேளுங்கள். லினக்ஸ் தரும் எழுத்துப் பெயரை வைத்து ஸ்லொட்டை ஊகிக்கவே கூடாது. ரீபூட் ஆனால் அந்த வரிசை மாறிவிடும். சீரியல் எண்ணைத் திரையில் பார்த்து எழுதுங்கள். 'பிளிங்க்' கட்டளை கொடுத்து எது சிமிட்டுகிறது என்று பார்த்து, அதில் டேப் ஒட்டிவிட்டுத்தான் கைபிடியைத் திறக்க வேண்டும்.

தவறான டிஸ்க்கை இழுத்துவிட்டேன். அரே ஒஃப்லைன் என்கிறது. எல்லாம் போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் இப்போதிருந்து ஒவ்வொரு அடியும் கணக்கு. புதிய அரே உருவாக்கச் சொல்லி வரும் எந்தக் கேள்விக்கும் 'ஆம்' சொல்லாதீர்கள், 'இனிஷியலைஸ்' (அரேயை வெறுமையாக்கும் கட்டளை) பக்கம் போகவே வேண்டாம்.

இழுத்த டிஸ்க்கை அதே ஸ்லொட்டில் திரும்பச் செருகுங்கள். அது ஃபொரின் என்று வந்தால், முதலில் கொன்ட்ரோலரின் பதிவேட்டைத் திறந்து எந்த டிஸ்க் எந்த நேரத்தில் விலகியது என்று பாருங்கள். இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. முதலில் விலகிய டிஸ்க்கில் இருப்பது பழைய தரவு. அது விலகிய பிறகு நடந்த எழுத்துகள் எதுவும் அதில் கிடையாது. கடைசியாக விலகியதில்தான் அநேகமாக இன்றைய தரவு இருக்கும். 'ஃபோர்ஸ் ஒன்லைன்' (விலகிய டிஸ்க்கைக் கட்டாயமாக அரேயில் சேர்ப்பது) செய்வதானால் கடைசியாக விலகியதை மட்டும் செய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் செத்ததை ஒன்லைன் ஆக்கினால் பழையதும் புதியதும் கலந்து ஃபைல்கள் கந்தலாகும். அதற்குப் பிறகு எந்த நிபுணராலும் பிரித்தெடுப்பது கடினம்.

எச்பியில் பூட் நேரத்தில் 1779 என்ற எண்ணோடு செய்தி வந்தால், எஃப் 1 அழுத்தினால் அரே முடக்கப்பட்டபடியே தொடரும், எஃப் 2 அழுத்தினால் தரவு இழப்பை ஏற்றுக்கொண்டு அரேயைத் திறக்கும். என்ன நடந்தது என்று தெரியாத வரை எஃப் 1 தான். பல நேரம் ஒரு கேபிள் தளர்ந்ததாலேயே இந்தச் செய்தி வருகிறது.

'பிரிசர்வ்ட் கேஷ்' அல்லது 'பின்ட் கேஷ்' என்று செய்தி வந்தால், டிஸ்க்கில் எழுத முடியாமல் போன தரவை கொன்ட்ரோலர் தன் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். 'டிஸ்கார்ட்' செய்தால் அது போனது போனதுதான். அதற்கு முன், கடைசியாக விலகிய டிஸ்க்கைத் திரும்பச் சேர்க்கப் பாருங்கள்.

புதிய டிஸ்க்கை 'ஃபொரின்' என்கிறது. இம்போர்ட் செய்வதா, கிளியர் செய்வதா?

பாவித்த டிஸ்க்கில் முந்தைய சேர்வரின் ரெய்ட் குறிப்பு அழியாமல் இருக்கும். புதிதாகச் செருகிய அந்த ஒரு டிஸ்க் மட்டும் ஃபொரின் என்றால் 'கிளியர்' செய்து ஹொட் ஸ்பேர் ஆக்கலாம். கொன்ட்ரோலர் கார்டை மாற்றிய பிறகு எல்லா டிஸ்க்கும் ஃபொரின் என்றால் 'இம்போர்ட்' (டிஸ்க்குகளில் உள்ள அரேயை அப்படியே ஏற்பது). இதை மாற்றிச் செய்துவிட்டால் அரேயின் அமைப்பே அழியும். உங்கள் பழைய டிஸ்க் ஒன்றும் ஃபொரின் பட்டியலில் இருந்தால் கிளியர் செய்யாதீர்கள். அந்தக் கட்டளை பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துத் துடைக்கும். புதிய டிஸ்க்கை வெளியே எடுத்து, வேறு கணினியில் துடைத்துக்கொண்டு வாருங்கள்.

பழையதும் 1 டிபி, புதியதும் 1 டிபி. ஆனால் சிறியது என்கிறது.

லேபிளில் உள்ள எண்ணை விட்டுவிட்டு செக்டர் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு துண்டு) எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமான 1 டிபி டிஸ்க்கில் 512 பைட் செக்டர் 1,953,525,168 இருக்கும், 2 டிபியில் 3,907,029,168. பிராண்ட் சேர்வர் டிஸ்க்குகளில் இந்த எண் சற்று மாறலாம். அரே ஒவ்வொரு டிஸ்க்கிலும் பாவிக்கும் அளவை விட ஒரு செக்டர் குறைந்தாலும் கொன்ட்ரோலர் ஏற்காது. பெரிய டிஸ்க் போடுவதில் தடை இல்லை, மிச்ச இடம் வீணாகும். ஆனால் பெர்க் 6/ஐ போன்ற கார்டுகளுக்கு 2 டிபிதான் எல்லை. 4 டிபி வாங்கிக்கொண்டு போய்ப் பயனில்லை.

டிஸ்க்கைச் செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை.

காரணங்கள் பல. அடிக்கடி அகப்படும் வரிசையில் சொல்கிறோம்.

கேடி முழுதாக உள்ளே போகவில்லை. எச்பியில் ஜி 7 வரை ஒரு வகைக் கேடி, ஜென் 8 முதல் வேறு வகை. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பொருந்தாது. ஆணியையும் கவனியுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6-32 ஆணி, 2.5 அங்குலத்துக்கு எம் 3. நீளமான ஆணி உள்ளே போய்ச் சர்க்கிட் போர்டைத் தொட்டால் டிஸ்க் அங்கேயே முடிந்தது.

பாவித்த சாஸ் (சேர்வர்களுக்கான இணைப்பு வகை) டிஸ்க் என்றால் அது பெரிய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம். நெட்அப், இஎம்சி போன்றவற்றில் செக்டர் 512 பைட் அல்ல, 520 பைட். சேர்வர் கொன்ட்ரோலர் அதைத் தொடாது அல்லது 'பிளொக்ட்' என்று காட்டும். சாஸ் கார்டு உள்ள லினக்ஸ் கணினியில் எஸ்ஜி3 யூட்டில்ஸ் கருவிகளில் உள்ள 'எஸ்ஜி ஃபோர்மட்' மூலம் 512 க்கு மாற்றலாம். பல மணி நேரம் எடுக்கும், இடையில் கரன்ட் போனால் திரும்பத் தொடங்க வேண்டிவரும். யூபிஎஸ் இல்லாமல் செய்ய வேண்டாம்.

புதிய பெரிய டிஸ்க் 4கே நேட்டிவ் (4,096 பைட் செக்டர்) வகை என்றால் பழைய கொன்ட்ரோலர்கள் பல ஏற்காது. வாங்கும்போது 512என் அல்லது 512இ என்று கேளுங்கள்.

டவர் சேர்வரில் பவர் கேபிள் நேரே டிஸ்க்குக்குப் போகும். சில புதிய சாட்டா (சாதாரண கணினிகளின் இணைப்பு வகை) டிஸ்க்குகளில் மூன்றாவது பவர் பின்னுக்கு 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் சுழலாமல் நிற்கும். பழைய நாலு பின் பவர் இணைப்பான மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர் போட்டால் 3.3 வோல்ட் வராது, டிஸ்க் ஓடும். வார்ப்புப் பிளாஸ்டிக்கில் மூடிய மலிவு அடாப்டர் உருகித் தீப்பிடிக்கலாம். வயர் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய வகையை வாங்குங்கள்.

சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க்கைப் போட்டுச் சமாளிக்கலாமா?

சம்பளத் திகதி நெருங்கும்போது கடையில் இருப்பது அதுதான் என்றால் ஆசை வரும். சாட்டா டிஸ்க் சாஸ் ஸ்லொட்டில் பொருந்தவும் செய்யும். சாஸ் டிஸ்க் மட்டும் சாட்டா இணைப்பில் போகாது. ஆனால் சாஸ் அரேக்குள் சாட்டாவைக் கலக்கக் கொன்ட்ரோலர் விடாது.

எல்லாம் சாட்டா என்றாலும் சிக்கல் உண்டு. வாசிக்க முடியாத செக்டர் வந்தால் டெஸ்க்டொப் டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கும். ரெய்ட் கொன்ட்ரோலருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, சில வினாடிகளில் டிஸ்க் செத்தது என்று தள்ளிவிடும். நல்ல டிஸ்க் அடிக்கடி 'ஃபெயில்ட்' ஆவதற்கு இது முக்கியக் காரணம். சேர்வர், நாஸ் (நெட்வேர்க் ஸ்டோரேஜ் பெட்டி) டிஸ்க்குகள் சுமார் 7 வினாடியில் கைவிட்டுத் தகவல் சொல்லும்.

இன்னொன்று எஸ்எம்ஆர் எழுத்து முறை. கூரை ஓடுபோல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஒரு தடத்தை மாற்றப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ரீபில்ட் ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் டிஸ்க் விலகும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் என்பது 2020 இல் வெளியே தெரியவந்தது. தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வழக்கமான சிஎம்ஆர் வேண்டுமானால் ரெட் பிளஸ் அல்லது ரெட் புரோ என்று கேட்க வேண்டும்.

ரீபில்ட் ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நிற்கிறது. புதிய டிஸ்க் பழுதா?

இல்லை, பெரும்பாலும் பழைய டிஸ்க் ஒன்றுதான் பழுது. ரீபில்ட் நடக்க மிச்ச எல்லா டிஸ்க்கின் எல்லா செக்டரையும் வாசிக்க வேண்டும். வருடக்கணக்காக யாரும் தொடாத ஒரு மூலையில் ஒரு செக்டர் செத்திருக்கும். அது இப்போதுதான் வெளியே வருகிறது. இன்னொரு புதிய டிஸ்க்கை வாங்கிப் போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கும். திரும்பத் திரும்ப ரீபில்ட் கொடுப்பது அந்தப் பலவீனமான டிஸ்க்கைச் சாகடிக்கும்.

ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் பட்டியல்) விவரத்தில் 5, 197, 198 ஆகிய எண்களைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர், காத்திருக்கும் செக்டர், மீட்க முடியாத செக்டர் என்பவை அவை. 197 பூச்சியம் இல்லை என்றால் குற்றவாளி அதுதான். சாஸ் டிஸ்க்கில் 'குரோன் டிஃபெக்ட்' (பாவனையில் கெட்ட இடங்கள்) எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

தரவின் கொப்பி ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது என்றால் சுலபமான வழி: பழுதான டிஸ்க்குகளை எல்லாம் மாற்றி, புதிதாக அரே கட்டி, கொப்பியைத் திருப்பிப் போடுங்கள். இதைத்தான் நாங்கள் முதலில் சொல்வோம். இரண்டு நாள் ரீபில்டோடு மல்லுக்கட்டுவதை விட இது வேகமானது, நம்பகமானது.

கொப்பி இல்லை என்றால் சேர்வரை நிறுத்தி, பலவீனமான டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்து டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் நகல் எடுக்க வேண்டும். முதல் சுற்றில் சுலபமாக வாசிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களுக்கு மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எதுவரை வாசித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கட்டாயம் வேண்டும். அது இருந்தால் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சாஸ் டிஸ்க்குக்கு எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற ஒரு கார்டும் அதற்குரிய கேபிளும் தேவை. நகல் டிஸ்க் செக்டர் எண்ணிக்கையில் மூலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். பல கொன்ட்ரோலர்கள் ரெய்ட் குறிப்பை டிஸ்க்கின் கடைசியில் தேடும். பெரிய டிஸ்க்கில் நகல் எடுத்தால் அந்தக் குறிப்பு நடுவில் மாட்டி, கண்ணுக்குத் தெரியாது. பிறகு நகலை மூலத்தின் ஸ்லொட்டில் போட்டு ரீபில்ட் கொடுங்கள்.

ரீபில்ட் எவ்வளவு நேரம் ஓடும்?

1 டிபி, வினாடிக்கு 100 எம்பி என்றால் 10,000 வினாடி, அதாவது 2 மணி 47 நிமிடம். இது வேறு வேலை இல்லாதபோது மட்டும். ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் மூன்று நாலு மடங்காகும். லினக்ஸ் சொஃப்ட்வெயார் ரெய்ட் (ரெய்ட் கார்டு இல்லாமல் லினக்ஸே நடத்துவது), வேலை நெருக்கடியில் வினாடிக்கு 1,000 கேபி வரை இறங்கிக்கொடுக்கும். அந்த வேகத்தில் 1 டிபி முடிய 11 நாளாகும். இரவில் குறைந்தபட்ச வேகத்தை 50,000 ஆக உயர்த்திவிட்டு, காலையில் அலுவலகம் திறக்க முன் திருப்பி இறக்கிவிடலாம்.

நடுவில் கரன்ட் போனால்?

ரீபில்ட் பொதுவாக விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ தொடரும். பயப்பட வேண்டியது கேஷில் இருந்து டிஸ்க்குக்குப் போகாத எழுத்துகளுக்கு. கொன்ட்ரோலர் பெட்டரி செத்திருந்தால் எழுத்து முறையை 'ரைட் த்ரூ' (கேஷில் தேக்காமல் நேரே டிஸ்க்கில் எழுதுவது) என்று வையுங்கள். மெதுவாகும், ஆனால் பாதுகாப்பு. பெட்டரி இல்லாமல் 'ஃபோர்ஸ் ரைட் பெக்' (கட்டாயமாகக் கேஷில் தேக்கிப் பிறகு எழுதுவது) போட்டிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையில் பின்னேரம் இடி இடிக்கும். அந்த மாதங்களில் ரீபில்டைப் பகல் பதினொரு மணிக்குத் தொடங்காமல், மழை விட்ட பிறகு இரவில் தொடங்குங்கள். நெட்வேர்க் கேபிளையும் ரவுட்டரின் ஃபோன் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி கரன்ட் கம்பியில் மட்டும் வருவதில்லை. யூபிஎஸ் பெட்டரிக்கு மூன்று நாலு வயது ஆகியிருந்தால், ரீபில்டுக்கு முன் ஒரு மேசை விளக்கை இணைத்து, சுவர் ஆளியை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். ஜெனரேட்டர் ஏற எடுக்கும் நேரத்தைக் கூடத் தாங்காத யூபிஎஸ்கள் உண்டு.

லினக்ஸ் சொஃப்ட்வெயார் ரெய்டில் எங்கே தவறு நடக்கிறது?

பார்ட்டிஷன் அட்டவணையை நகல் எடுக்கும்போது. 'எஸ்ஜிடிஸ்க்' கருவியில் பெரிய ஆர் தெரிவுக்கு அடுத்து வருவது புதிய டிஸ்க், கடைசியில் வருவது பழைய டிஸ்க். மனதில் நினைக்கும் வரிசைக்கு இது நேர்மாறு. மாற்றிக் கொடுத்தால் நல்ல டிஸ்க்கின் அட்டவணை அழியும். நகல் எடுத்ததும் பெரிய ஜி தெரிவு கொடுத்து அடையாள எண்களைப் புதிதாக்குங்கள்.

ரெய்ட் 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு) என்றால், சேர்வரை எழுப்பும் சிறு புரோகிராமான பூட் லோடரைப் புதிய டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். இதை மறந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் போகும் அன்று சேர்வர் பூட் ஆகாது.

டிஸ்க் இன்னும் முழுதாகச் சாகவில்லை, காலி ஸ்லொட்டும் இருக்கிறது என்றால் 'ஃபெயில்' செய்து கழற்றாதீர்கள். 'ரீப்ளேஸ்' கட்டளை பழைய டிஸ்க்கை அரேயில் வைத்துக்கொண்டே புதியதுக்கு நகல் எடுக்கும். இடையில் வேறு டிஸ்க்கில் செக்டர் கெட்டாலும் தாங்கும்.

குளிர், ஈரம், உயரம் இவற்றால் டிஸ்க் பழுதாகுமா?

உயரத்தால் இல்லை. சாதாரண டிஸ்க்குகள் 3,048 மீற்றர் வரை இயங்கத் தகுந்தவை. நுவரெலியா 1,868 மீற்றர், பிதுருதலாகலை உச்சியே 2,524 மீற்றர்தான். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகக் கடத்துவதால் சேர்வருக்கு அனுமதித்த வெப்பம் சற்றுக் குறையும். டெல் கணக்கில் 950 மீற்றருக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் 1 பாகை. நுவரெலியாவில் 35 பாகை 32 ஆகும், பெரிய விஷயமில்லை.

ஈரம்தான் எதிரி. இரவு முழுக்க வேனில் குளிர்ந்து கிடந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உறையைப் பிரித்தால் உடனே நீர் படியும். உறையைப் பிரிக்காமல் மூன்று நாலு மணி நேரம் அறையிலேயே வையுங்கள். டிஸ்க்கின் மேல் உள்ள சிறு மூச்சுத் துளையின்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

ஸ்டோருக்குப் பக்கத்து அறை என்றால் தேயிலைத் தூசு விசிறியையும், டிஸ்க்குகள் செருகும் போர்டான பேக்பிளேனையும் அடைக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்ய ஆசைப்பட்டு, அரே பலவீனமாக இருக்கும் நேரத்தில் சேர்வரை நிறுத்தாதீர்கள். வருடக்கணக்காக நிற்காமல் சுழன்ற டிஸ்க், நிறுத்திக் குளிர்ந்த பிறகு மறுபடி சுழலாமல் போவதுண்டு. ரீபில்ட் முடியட்டும், பிறகு துடைக்கலாம்.

அதே ஸ்லொட்டில் போட்ட புதிய டிஸ்க்கும் இரண்டு நாளில் போய்விட்டது.

ஸ்லொட்டைச் சந்தேகியுங்கள். ஸ்மார்ட் எண் 199 (இணைப்பில் நேரும் தரவுப் பிழைகள்) ஏறிக்கொண்டே போனால் கேபிள் அல்லது பேக்பிளேன் பழுது, டிஸ்க் அல்ல. 'செத்த' டிஸ்க்கை வேறு கணினியில் முழுப் பரிசோதனை செய்யுங்கள். தேறினால் வேறு ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கள்.

கடையில் என்னவென்று கேட்பது?

கொழும்புக்குப் போய் வர ஒரு நாள் போகும், மண் சரிந்து வீதி மூடினால் இன்னும் அதிகம். ஆகவே போக முன் கழற்றிய டிஸ்க்கின் லேபிளை முழுதாகப் படம் எடுங்கள். சாஸ் அல்லது சாட்டா, 2.5 அல்லது 3.5 அங்குலம், சுழற்சி 7,200, 10,000 அல்லது 15,000, செக்டர் வகை, பார்ட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போவது வழக்கம். பாவித்தது என்றால் ஓடிய மணித்தியாலத்தையும் டிஃபெக்ட் எண்ணிக்கையையும் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

கழற்றிய பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

உடனே வீசாதீர்கள். ஸ்லொட் எண், சீரியல், கழற்றிய திகதி மூன்றையும் டேப்பில் எழுதி ஒட்டி வையுங்கள். ரீபில்ட் முடிந்து, 'கன்சிஸ்டென்சி செக்' (அரே முழுதையும் சரிபார்ப்பது) ஒன்று முழுதாக ஓடி, பெக்கப்பிலிருந்து ஒரு மாதத்துச் செக்ரோலை வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே அதன் தேவை தீரும். அதில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். ரெய்ட் 1 டிஸ்க் என்றால் அந்த ஒன்றிலேயே முழுத் தரவும் இருக்கும். பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன், ஓடும் டிஸ்க்கை முழுதும் பூச்சியம் எழுதித் துடைக்கவும். ஓடாததைத் திறந்து தட்டுகளைத் துளையிடவும். 2.5 அங்குல டிஸ்க்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், நொறுங்கிச் சிதறும். துணியில் சுற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.